இருபத்தைந்து இறாத்தல் காற்று

எழுபதைத் தாண்டியவர்களுக்குத்தான் இதை எழுதுகிறேன். மற்றவர்களுக்கு இதில் ஒன்றுமில்லை. காலையில் எழும்பியதும் நீங்கள் முதலில் எதை எண்ணுவீர்களோ தெரியாது; நான் குளிசைகளை எண்ணுவேன். ஐந்து. பிறகு குசினி வாசலிலிருந்து கேற் வரை அடிகள். இருபத்திரண்டு. கேற்றுப் பூட்டை இரண்டு தரம் இழுத்துப் பார்ப்பேன். கடந்த வைகாசியிலிருந்து இந்த வரிசையில் இன்னொன்றும் சேர்ந்துவிட்டது: காரின் நாலு டயர்களிலும் உள்ள காற்று.

மகள் வாங்கித் தந்த சின்னக் கம்பிரசர்தான் அதற்குக் காரணம். ஒரு பாண் அளவில் இருக்கும். காரில் சிகரெட் பற்றவைக்கும் துளை இருக்கிறதல்லவா, அதில் வயரைச் சொருகி, மற்ற முனைக் குழாயை டயர் வால்வில் திருகவேண்டும். உள்ளே எவ்வளவு காற்று இருக்கிறதென்று முதலில் சிவப்பு எண்ணில் காட்டும். எவ்வளவு வேண்டுமென்று அமர்த்திவிட்டால் தேன்கூட்டைக் கலைத்ததுபோல இரைந்து, அந்த எண் வந்ததும் தானாக நின்றுவிடும். தானாக நிற்கும் எதையும் நான் நம்புவதில்லை. மூன்று தரம் பெற்றோல் செட்டுக்குப் போய் அங்குள்ள மானியோடு ஒப்பிட்டேன். மூன்று தரமும் ஒரே எண். ஆகவே பிழை மெசினில் இல்லை. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஒரு சனிக்கிழமை மத்தியானம் சந்தையால் வந்ததும் வராததுமாக நாலு டயர்களுக்கும் முப்பத்திரண்டு இறாத்தல் அழுத்தத்துக்குக் காற்று நிரப்பினேன். ஞாயிறு காலை ஆறு மணிக்கு அளந்தேன். இருபத்தொன்பது, இருபத்தொன்பது, இருபத்தெட்டு, இருபத்தொன்பது. ஒரு டயர் குறைந்தால் ஆணி ஏறியிருக்கும். நாலும் ஒரேயளவாகக் குறைந்தால் அது கை.

எங்கள் வீட்டு மேல்மாடியில் துறைமுகத்தில் வேலை செய்யும் ஒரு பொடியன் வாடகைக்கு இருக்கிறான். தன் மோட்டார் சைக்கிளை என் கராஜில்தான் விடுவான். அவன் இறங்கி வரும்வரை காத்திருந்தேன்.

"தம்பி, ராத்திரி கராஜ் பக்கம் வந்தனீரோ?"

"ஓம் அங்கிள். இஞ்சை கடைக்குப் போக பைக் எடுத்தனான். ஏன்?"

"கார் டயரிலை கை வைச்சனீரோ?"

"டயரிலை என்ன அங்கிள் இருக்கு எடுக்கிறதுக்கு?"

"காத்து."

அவன் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் ஒருவேளை நம்பியிருப்பேன். சிரிக்காமல் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றதுதான் எனக்குப் பிடிக்கவில்லை.

மனைவி உள்ளிருந்து கேட்டாள். "காத்தைக் கொண்டுபோய் அந்தப் பிள்ளை என்ன, புட்டே அவிக்கப்போகுது?"

நான் டயர்களை மீண்டும் நிரப்பவில்லை. களவு நடந்த இடத்தில் கை வைக்கக்கூடாது. திங்கள் காலை அளந்தேன், அதே எண்கள். செவ்வாயும் அதே. எடுத்தவன் நான் விழித்துக்கொண்டதை அறிந்து கையை மடக்கிவிட்டான் என்பது தெளிவாயிற்று. செவ்வாய் பின்னேரம் மனைவி இடியப்பத்துக்கு வறுத்து வைத்திருந்த மாவில் ஒரு சுண்டு அளவு எடுத்து நாலு சில்லுகளைச் சுற்றியும் தூவிவிட்டேன். புதன் காலை மாவில் தடங்கள் இருந்தன. குளம்புத் தடங்கள். தெருவில் திரியும் எங்கள் ஊர் மான்களை உங்களுக்குத் தெரியும், திறந்த கேற்றைக் கண்டால் ஆடுபோல உள்ளே வந்துவிடும். பதினான்கு தடங்கள் எண்ணினேன். மாவில் பாதியை நக்கிவிட்டுப் போயிருந்தன. மான் வந்ததென்றால் கேற் திறந்திருக்கிறது. நான் இரவும் இரண்டு தரம் இழுத்துப் பார்த்த கேற்றைத் திறந்தது யார்?

அன்றே பொடியனைக் கூப்பிட்டு, மாத முடிவில் வீட்டை விடச் சொன்னேன்.

"காத்துக்காகவோ அங்கிள்?" என்றான்.

"எனக்கு எல்லாம் விளங்கும். என்னட்டைக் கணக்கு இருக்கு" என்றேன்.

சொல்லி முடித்த பிறகுதான் அந்த வசனத்தை எங்கோ கேட்டிருக்கிறேன் என்று பட்டது. அது அப்பாவின் வசனம். எனக்கு ஒன்பது வயதாயிருந்த வருடம், கச்சான் காற்று வீசும் மாதங்களில், அப்பா இதை எத்தனை தரம் சொன்னார் என்று எண்ணாமல் விட்டுவிட்டேன். நான் எண்ணாமல் விட்ட சிலவற்றில் அதுவும் ஒன்று.

அப்போது நாங்கள் இதே பட்டினத்தின் மேட்டுப் பகுதியான ஓர்ஸ் ஹில்லில் இருந்தோம். ஒழுங்கையில் பதின்மூன்று வீடுகள், ஒரு கார். அந்தக் கார் எங்களுடையது. மாற்றலாகிப் போன வைத்தியர் ஒருவரிடம் அப்பா வாங்கிய பழைய கறுப்புக் கார். கிடுகுக் கொட்டில் ஒன்று கட்டி அதற்குள் நிறுத்தியிருந்தார். கிழமை நாட்களில் அப்பா சைக்கிளில்தான் கந்தோருக்குப் போவார். அவர் அங்கே தலைமைக் கிளாக்கர். சனிக்கிழமை அரைநாள் வேலைக்கு மட்டும் காரில் போய், ஒரு மணிக்கு ஹோர்ன் அடித்துக்கொண்டு வருவார். மேற்கிலிருந்து வரும் அந்தக் காற்று ஒழுங்கை முழுவதையும் அடுப்புவாய் ஆக்கியிருக்கும். கார் மூடியில் கை வைத்தால் சுடும். உள்ளே தோல் இருக்கை தொடையின் பின்புறத்தைப் பிடித்துக்கொள்ளும். எழும்பும்போது உரியும் சத்தம் கேட்கும்.

அப்பாவிடம் பேனை போன்ற ஒரு காற்றளவு கருவி இருந்தது. அதை வால்வில் அழுத்தினால் மற்றப் பக்கத்தால் வெள்ளைக் குச்சியொன்று சுர்ரென்று வெளியே வரும். குச்சியில் எண்கள். எத்தனையாவது எண்வரை வெளியே வருகிறதோ அத்தனை இறாத்தல். குச்சி வந்த இடத்திலேயே நிற்கும். பெருவிரலால் தள்ளினால்தான் உள்ளே போகும். அதை வைத்திருக்கும் உரிமை எனக்குத் தரப்பட்டிருந்தது, ஏனென்றால் நான் எல்லாவற்றையும் எண்ணும் பிள்ளை. அப்பா ஆட்கள் முன்னால் என்னை "என்ரை கணக்கப்பிள்ளை" என்பார். அந்தப் பேனையும் நான் அளவுகளை எழுதிய ஒற்றைறூள் கொப்பியும் பிறகு வந்த மூன்று இடப்பெயர்வுகளில் எதிலோ தொலைந்தன. எதில் என்று சொல்ல முடியாதது இன்னும் என்னை அரிக்கிறது.

அந்த வருடம்தான் காற்றுக்காரர் வந்தார். கிண்ணியாவைச் சேர்ந்தவர். வெள்ளைக்காரர் காலத்தில் கப்பல் பழுதுபார்க்கும் டொக்யார்டில் வேலை செய்தவர். அவர்கள் போனபின் ஏலத்தில் விட்ட சாமான்களில் ஒரு கம்பிரசரை எடுத்திருந்தார். சாம்பல் நிறத் தாங்கி, அதன் மேல் சின்ன எஞ்சின், கீழே இரண்டு இரும்புச் சில்லு, முன்னால் தள்ளுவதற்கு ஒரு வளைந்த கம்பி. கார் உள்ள வீடுகளுக்கு அதைத் தள்ளிக்கொண்டு போய்க் காற்றடித்துக் கொடுப்பார். கிழமை முழுவதும் பட்டினத்தில் தங்கி, வியாழன் பின்னேரம் பாதையில் ஏறிக் கிண்ணியாவுக்குப் போய், சனி காலை திரும்பி வருவார். பாதை என்றால் அந்தக் காலத்தில் ஆட்களையும் வண்டிகளையும் கடல் கடத்திய மிதவை. உங்களில் பலர் அதில் நின்று போயிருப்பீர்கள்.

அதுவரை எங்கள் டயர்களுக்குக் காலால் மிதிக்கும் பம்ப்தான். ஒரு டயருக்குத் தொண்ணூறு மிதி. காற்றுக்காரரின் மெசின் வந்து ஒழுங்கையில் நின்று டக்டக்கென்று அடித்தபோது பதின்மூன்று வீடுகளிலிருந்தும் ஆட்கள் எட்டிப் பார்த்தார்கள். நான்கு டயர்களுக்கும் சேர்த்து ஏழு நிமிடம். எண்ணெய்ப் புகையும் சூடேறிய ரப்பரும் கலந்த மணம். குழாயைக் கழற்றும்போது வரும் அந்தக் குளிர்ந்த சீறலில் நான் முகத்தை நீட்டுவேன்.

"மனே, கண்ணுல தூசி விழும். தள்ளி நில்லு" என்பார்.

முதல் நாளே அவர் அப்பாவிடம் தன் காரியத்தையும் சொல்லிவிட்டார்.

"ஐயா, இந்த இரும்பத் தள்ளிக்கிட்டு மலை ஏற ஏலாம இரிக்கி. காலும் சரியில்ல. துறைமுக வீதியில அந்த வாகை மரத்துக்குக் கீழ மெசின வெச்சிக்கிட்டு நிக்க ஒரு உத்தரவு கேட்டு எழுதியிரிக்கன். கடுதாசி ஐயாட மேசைக்குத்தான் வரும். நீங்க ஒரு வார்த்த எழுதினா போதும்."

"ஏன், கிண்ணியாவிலை நிக்கலாமே?"

"கிண்ணியால கார் எத்தின ஐயா? அஞ்சு. அதுல ரெண்டு ஓடாது."

அப்பா சிரித்தார். காற்றுக்காரர் போனபின் சிரிப்பை நிறுத்திவிட்டு, "கடிதம் என்ரை மேசைக்கு வருமெண்டு அவனுக்கு ஆர் சொன்னது?" என்றார்.

அன்று சனிக்கிழமை. அப்பா கந்தோரால் வந்து அரை மணித்தியாலம் ஆகியிருக்காது. காற்றுக்காரர் இருபத்தெட்டு இறாத்தல் நிரப்பினார். நான் என் பேனையால் சரி பார்த்தேன், இருபத்தெட்டு. ஞாயிறு விடிந்ததும் அளந்தேன். நாலிலும் இருபத்தைந்து.

அப்பா என் கையிலிருந்து பேனையை வாங்கித் தானும் அளந்தார். இருபத்தைந்து. கொட்டிலைச் சுற்றி ஒரு முறை நடந்தார்.

அடுத்த சனி காற்றுக்காரர் குழாயை மாட்டித் தன் மானியைப் பார்த்துவிட்டு, "ஒண்டுதான் கொறஞ்சிரிக்கு" என்று மிச்சத்தை நிரப்பினார். என் கொப்பியில் ஞாயிறு காலையே மூன்று குறைந்திருந்தது. அவருடைய மெசின் ஒன்று என்கிறது. அப்பா என்னைப் பார்த்தார், நான் அப்பாவைப் பார்த்தேன். மறுநாள் விடிய மறுபடியும் இருபத்தைந்து.

மூன்றாவது சனி, காற்றுக்காரர் போனபின், அப்பா கறுப்பு நூல் கொண்டுவரச் சொன்னார். நாலு வால்வு மூடிகளிலும் நூலைச் சுற்றி ஏழு ஏழு முடிச்சுப் போட்டேன். ஞாயிறு காலை நூல் அறவில்லை. முடிச்சுகளை எண்ணினேன், இருபத்தெட்டும் இருந்தன. அவிழ்த்து அளந்தால் இருபத்தைந்து, பின்னிடதில் மட்டும் இருபத்துநாலு.

அம்மா குசினி வாசலில் நின்றாள். "நூல் அப்பிடியே கிடக்கு. பிறகென்ன? காத்தை ஆரும் களவெடுப்பினமே?"

"உனக்கு விளங்காது. முடிச்சை அவிட்டுப் போட்டுத் திரும்பவும் அதே மாதிரிக் கட்டியிருக்கிறான். டொக்யார்டிலை வேலை செய்தவன், கயிறு முடிச்சுப் பழகாமல் இருப்பானே?"

"ஏழு முடிச்சையும் எண்ணிக் கட்டினவனோ?"

"ஓம். அதுதான் அவன்ரை கெட்டித்தனம்."

இப்போது எழுதும்போது எனக்கே சிரிப்பு வருகிறது. ஆனால் அன்று அது எனக்கு முழுதாக விளங்கிற்று. நூல் அறுந்திருந்தால் அவர் களவாளி. அறாமலிருந்தால் கெட்டிக்காரக் களவாளி. வேறு வழி எதையும் நாங்கள் விட்டுவைக்கவில்லை.

நாலாவது சனி அப்பா அவரிடம் நேரே கேட்டார். காற்றுக்காரர் கோபப்படவில்லை. கைகளைச் சாரத்தில் துடைத்தார்.

"ஐயா, பகல் சூட்டுல அடிச்ச காத்த விடியக் குளிர்ல அளந்தா கொறச்சித்தான் காட்டும். டொக்யாட்டுல எங்களுக்கு அப்புடித்தான் சொல்லித் தந்த. நீங்க விடியல்லதான் அளக்கிறயெண்டா நான் விடியல்ல வந்து அடிச்சித் தாறன். நாளைக்கு சுபஹ் தொழுதுட்டு நேரா வாறனே. கொட்டில் தட்டியச் சும்மா சாத்தி வெச்சா போதும், உங்கள எழுப்பவும் தேவல்ல."

அவர் போகும்வரை அப்பா பொறுத்திருந்தார். பிறகு அம்மாவைப் பார்த்து, "கேட்டியே? எல்லாரும் நித்திரையாய் இருக்கேக்கை வரப்போறானாம். தட்டியைப் பூட்டாமல் வைக்கட்டாம். தன்ரை வாயாலையே சொல்லிப்போட்டான்" என்றார்.

எனக்கும் அப்படித்தான் பட்டது. அன்றிரவு அப்பா தட்டியைப் பூட்டினார். மறுநாளோடு கொப்பியில் பதினாறு எண்கள் இருந்தன, நாலு ஞாயிறு, நாலு டயர். பின்னிடது டயர் இருபத்துநாலு என்று இரண்டு தரம் காட்டியதைத் தவிர எல்லாம் இருபத்தைந்து. அவ்வளவு ஒழுங்கான எண்களைப் பார்க்க எனக்குப் பெருமையாக இருந்தது. காற்றுக்காரர் சொன்ன சூடு, குளிர் விளக்கத்தில் ஒரு சொல்லைக்கூட நாங்கள் இருவரும் யோசித்துப் பார்க்கவில்லை.

அந்தக் கிழமையே அவருடைய கடிதம் அப்பாவின் மேசைக்கு வந்தது. அப்பா அதில் "நம்பத்தகாதவர்" என்று எழுதி மேலதிகாரிக்கு அனுப்பினார். மேலதிகாரி நிதானமான மனிதர். ஒரு சொல்லில் ஒருவனுடைய பிழைப்பை மறுக்க அவருக்கு மனம் வரவில்லை. அடுத்த திங்கட்கிழமை இரண்டு பேரையும் முன்னால் வைத்து விசாரிக்கிறேன் என்றார். இடையில் வந்த சனியும் கணக்குத் தவறக்கூடாதென்று அப்பா காற்றுக்காரரைக் கொண்டே காற்றடிப்பித்தார். பாடசாலை விடுமுறை. அப்பா அன்று வழக்கத்துக்கு மாறாகக் காரை எடுத்தார். கொப்பியோடும் பேனையோடும் என்னை முன் இருக்கையில் ஏற்றினார்.

புறப்படுமுன் விடியவே அளந்திருந்தேன். இருபத்தைந்து, இருபத்தைந்து, இருபத்துநாலு, இருபத்தைந்து.

கந்தோர் முற்றத்தில் நிழல் இல்லை. கார் எட்டு மணியிலிருந்து வெயிலில் நின்றது. நான் உள்ளே ஒரு கதிரையில் இருந்து கூரை வளைகளை எண்ணினேன். பதினெட்டு. பன்னிரண்டு மணிக்கு மேலதிகாரி வெளியே வந்தார். அப்பா, காற்றுக்காரர், நான். காற்றுக்காரர் வெள்ளைச் சேர்ட் போட்டிருந்தார். அதற்கு முன் அவரைச் சேர்ட்டோடு நான் கண்டதில்லை. கொலரில் இஸ்திரிக்கை சூடு பட்ட மஞ்சள் அடையாளம் ஒன்று இருந்தது.

மேலதிகாரி கொப்பியைப் புரட்டிப் பார்த்தார். "வடிவாய் எழுதியிருக்கிறீர்" என்று என்னிடம் சொன்னார். பிறகு காற்றுக்காரரிடம், "நீர் என்ன சொல்லுறீர்?" என்றார்.

"ஐயா, நான் சனிக்கிழம அடிச்ச. அதுக்குப் பொறகு இந்தக் கார நான் தொடவுமில்ல. இப்ப இந்தச் சூட்டுல அளந்து பாருங்க. இரிவத்தெட்டுக் காட்டாட்டி உத்தரவும் வேணாம், ஒண்டும் வேணாம். மெசினோட போறன்."

"சரி. இருபத்தெட்டு இருந்தால் நான் கையெழுத்து வைக்கிறன்" என்றார் மேலதிகாரி. "தம்பி, அளவும்."

முன் வலது சில்லுக்குப் பக்கத்தில் குந்தினேன். தார் முற்றத்தின் சூடு முழங்காலைச் சுட்டது. காற்றுக்காரரும் என் பக்கத்தில் குந்தினார். வால்வு மூடியைக் கழற்றும்போது அது விரலைச் சுட்டது. பேனையை அழுத்தினேன். வெள்ளைக் குச்சி வெளியே வந்து நின்றது.

இருபத்தெட்டு.

அந்தக் கணத்தில் எனக்கு வந்த நினைப்பை அப்படியே சொல்கிறேன். காலையில் இருபத்தைந்து இருந்ததை என் கண்ணால் கண்டேன். ஒருவரும் காற்றடிக்கவில்லை. ஆகவே இந்த இருபத்தெட்டு பொய். நான் உள்ளே வளை எண்ணிக்கொண்டிருந்தபோது இந்த மனிதன் வந்து ஏதோ செய்திருக்கிறான். எண்ணே ஏமாற்றுகிறது, ஏமாறாதவன் நான் ஒருவன்தான்.

"எத்தினை?" என்றார் அப்பா.

பெருவிரலால் குச்சியை உள்ளே தள்ளினேன்.

"இருபத்தஞ்சு."

காற்றுக்காரர் என் முகத்துக்கு மிக அருகில் இருந்தார். அவர் குச்சியைக் கண்டவர். எண் வாசிக்கத் தெரிந்தவர். "மனே," என்றார், எனக்கு மட்டும் கேட்கும்படி, "நல்லாப் பாத்துச் சொல்லு."

"மற்றதுகள்?" என்றார் மேலதிகாரி.

மற்ற மூன்றையும் அளந்தேன். குச்சி ஒவ்வொரு தரமும் வெளியே வந்தது, ஒவ்வொரு தரமும் தள்ளினேன். காலையில் எழுதிய எண்களையே வரிசையாகச் சொன்னேன். முதலாவதோடு சேர்த்து நாலு பொய்கள். அப்போது அவற்றை நான் பொய்யென்று எண்ணவில்லை. சரியான எண்ணைக் காப்பாற்றினேன் என்றுதான் நினைத்தேன்.

மேலதிகாரி கொப்பியை மூடினார். "பிள்ளை பொய் சொல்லுமே?" என்று காற்றுக்காரரிடம் கேட்டார்.

காற்றுக்காரர் எழும்பினார். கால் நோவினால் காரின் மட்காட்டைப் பிடித்து எழும்பினார். சூடாக இருந்திருக்கும், கையை உடனே எடுத்தார். அவர் என் கையிலிருந்து பேனையைப் பறித்துத் தானே அளந்து காட்டியிருக்கலாம். ஏன் செய்யவில்லை என்பதற்கு இத்தனை வருடங்களில் ஆறு காரணங்கள் கண்டுபிடித்திருக்கிறேன். ஒன்றும் போதாது.

"பச்சப் புள்ள சொல்லிட்டுது," என்றார். "நான் என்னத்தச் சொல்ல."

அவ்வளவுதான். காரில் திரும்பி வரும்போது அப்பா என் முதுகில் தட்டினார். "எனக்கு எல்லாம் விளங்கும். என்னட்டைக் கணக்கு இருக்கு" என்று ஒழுங்கை முழுவதும் கேட்கச் சொன்னார்.

வியாழன் பின்னேரம் கடைக்குப் போகும்போது அவர் மெசினைத் தள்ளிக்கொண்டு பாதையடிப் பக்கம் போவதைக் கண்டேன். மற்ற வியாழக்கிழமைகளில் மெசினைப் பட்டினத்திலேயே விட்டுவிட்டுப் போவார். நான் தெருவின் மற்றக் கரைக்குப் போனேன். அவர் நின்று கூப்பிட்டார்.

"மனே, வாப்பாட்டச் சொல்லு. காத்துல கொற இல்ல. பின்னுக்கு இடது டயர்லதான் கொற. அது மெதுவா இறங்குது. தூரம் ஓடாம மாத்தச் சொல்லு."

நான் அப்பாவிடம் சொல்லவில்லை. அதுவும் ஒரு தந்திரம் என்று நினைத்தேன். அந்த ஆடியில் சல்லி அம்மன் கோவிலுக்குப் போகும் வழியில் பின்னிடது டயர் வெடித்தது. ஒருவருக்கும் காயமில்லை. அம்மாவின் பொங்கல் பானை மட்டும் உடைந்தது. வீதியோரம் கருவாட்டு மணத்தில் நின்றுகொண்டு அப்பா சொன்னார்: "பாத்தியே? போகேக்கை அவன் செய்துபோட்டுப் போன வேலை."

காற்றுக்காரர் போனபின்னும் சனி பிற்பகல் கால் பம்பால் நிரப்பிய காற்று ஞாயிறு காலை குறைந்தே இருந்தது. அப்பா சில நாள் யோசித்துவிட்டு, வலப்பக்க வீட்டுக்காரரோடு கதைப்பதை நிறுத்திக்கொண்டார்.

நான் வளர்ந்து நில அளவையாளன் ஆனேன். முப்பத்தொரு வருடம். எங்கள் உருக்கு நாடா வெயிலில் நீளும், அதற்காக ஒவ்வொரு அளவிலும் சூட்டைக் கணக்கிட்டுத் திருத்தி எழுதுவோம். கிண்ணியா வயல்களிலும் அப்படித் திருத்தித் திருத்தி அளந்திருக்கிறேன். வாயு சூட்டில் அழுத்தம் கூடும் என்ற விதியைப் படித்துப் பரீட்சையில் எழுதியும் இருக்கிறேன். அது பரீட்சைத் தாளில் இருந்த வாயு. எங்கள் டயரில் இருந்த காற்றோடு அதை ஒருநாளும் பொருத்திப் பார்க்கவில்லை. அந்த மனிதன் ஒரு களவாளி, நான் அவனைப் பிடித்துக் கொடுத்தவன். அந்த அளவுக்கு மட்டும் திருத்தம் தேவைப்படவில்லை.

இப்போது மேல்மாடிப் பொடியனுக்கு வருகிறேன்.

மாவில் மான் நடந்த புதனுக்கு மறுநாள், வியாழக்கிழமை, கிளினிக்குக்குப் போய்ப் பிரஷர் பார்த்துவிட்டு மத்தியானம் வந்தேன். கேற்றுக்குள் அவனுடைய பெட்டிகள் இருந்தன, ஐந்து. காரை வெளியே வெயிலிலேயே நிறுத்தினேன். அவன் போகுமுன் ஆதாரத்தைக் காட்டி வாயை அடைக்கவேண்டும் என்று தோன்றிற்று. கம்பிரசரை எடுத்து வயரைச் சொருகினேன்.

"வாரும் தம்பி, நீரே வந்து பாரும். சனிக்கிழமைக்குப் பிறகு நான் ஒரு சொட்டுக் காத்தும் அடிக்கேல்லை. எத்தினை காட்டுதெண்டு நீரே வாசியும்."

அவன் என் பக்கத்தில் குந்தினான். குழாயைத் திருகினேன். சிவப்பு எண் வந்தது.

"முப்பத்திரண்டு," என்றான்.

மற்றதற்குப் போனேன். முப்பத்திரண்டு. மூன்றாவது முப்பத்தொன்று. நாலாவது முப்பத்திரண்டு. டயரில் உள்ளங்கையை வைத்தேன். சுட்டது.

"எத்தினை அங்கிள் களவு போனது?" என்றான் அவன். "எடுத்தவன் மத்தியானம் திருப்பிக் கொண்டுவந்து வைச்சிட்டுப் போறானோ?"

அவன் இப்போது சிரித்தான். நான் எழும்ப முயன்றேன், முழங்கால் விடவில்லை. இந்த மெசினில் எண்ணைப் பெருவிரலால் உள்ளே தள்ள முடியாது. அது அங்கேயே சிவப்பாக நின்றது, அவனும் பார்த்துக்கொண்டிருந்தான். நல்ல வெயில். கொலரில் மஞ்சள் அடையாளம் உள்ள ஒரு வெள்ளைச் சேர்ட் என் பக்கத்தில் இருப்பதுபோல் எனக்குப் பட்டது.

"தம்பி, நீர் போகவேண்டாம். பிழை என்னிலை" என்றேன்.

அவன் என் கையைப் பிடித்துத் தூக்கிவிட்டான். "வேற இடத்துக்குச் சொல்லிப்போட்டன் அங்கிள். யோசிச்சுச் சொல்லுறன்" என்றான். பெட்டிகள் இன்னும் கீழேதான் இருக்கின்றன. இன்று காலையும் எண்ணினேன், ஐந்து.

அப்பாவும் மேலதிகாரியும் இப்போது இல்லை. காற்றுக்காரர் இருக்க வாய்ப்பில்லை. கிண்ணியாவுக்குப் பாலத்தால் எத்தனையோ தரம் போய் வந்தும் அவரைப் பற்றி ஒருவரிடமும் நான் விசாரிக்கவில்லை. அவருடைய பெயர் எனக்குத் தெரியாது, கேட்டு வைக்கவில்லை. வாசிக்கும் உங்களில் யாருக்காவது அந்தச் சாம்பல் நிற மெசினைத் தள்ளிய மனிதரையோ அவருடைய பிள்ளைகளையோ தெரிந்திருக்கலாம். தெரிந்தால் இதைச் சொல்லிவிடுங்கள். அந்தத் திங்கட்கிழமை மத்தியானம் பன்னிரண்டு மணிக்கு, கந்தோர் முற்றத்தில், அந்தக் கறுப்புக் காரின் நாலு டயர்களிலும் என் கண்ணால் நான் கண்டது: இருபத்தெட்டு, இருபத்தெட்டு, இருபத்தேழு, இருபத்தெட்டு.